பறவைக்குக் காவல் யார்?

ஐப்பசித் திங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஏரிகளில் நீர் ஏறியதும், செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் என்னும் சிற்றூரின் வானத்தில் பறவைகள் தென்படுகின்றன. முதலில் நாரைகள் சில வருகின்றன. அவை உடனே இறங்குவதில்லை. நீரின் அளவைச் சோதிப்பனபோல ஏரியை இருமுறை மும்முறை வட்டமிடுகின்றன. பின்னர், அடிமரம் நீரில் மூழ்கி நிற்கும் நீர்க்கடம்ப மரங்களின் உச்சியில் ஒன்றிரண்டாய் அமர்கின்றன. அடுத்த சில வாரங்களில் நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, சாம்பல் நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா எனக் கூட்டங்கூட்டமாய் வந்து சேர்கின்றன. நல்ல மழை பெய்த ஆண்டில் அவற்றின் தொகை முப்பதாயிரத்தையும் கடப்பதுண்டு. ஒரே மரத்தில் நான்கைந்து இனப் பறவைகள் அடுத்தடுத்துக் கூடு கட்டி வாழும் காட்சி, பெருநகரத்து அடுக்குமாடி வீடுகளை நினைவூட்டும். அங்கே பூசலும் உண்டு. அயல்வீட்டுக் குச்சியைத் திருடுதலும் உண்டு!

இத்துணைப் பறவைகளுக்கும் இடந்தரும் அந்த ஏரி மிகப் பெரியது என்று நினைத்தல் வேண்டா. அதன் பரப்பு ஏறத்தாழ 74 ஏக்கரே. தமிழ்நாட்டில் அதனினும் பன்மடங்கு பெரிய ஏரிகள் பல உள்ளன. அவ்வாறாயின் பறவைகள் இதனைத் தேடி வருவானேன்? உணவின்பொருட்டு என்று சிலர் சொல்லக்கூடும். அது முழு உண்மை அன்று. ஆயிரக்கணக்கான குஞ்சுகளின் வாய்க்கு வேண்டிய மீனும் நத்தையும் தவளையும் அச்சிற்றேரி ஒன்றிலேயே கிடைத்தல் இயலாது. தாய்ப்பறவைகள் விடியற்காலையில் எழுந்து சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்கும் குளங்களுக்கும் நெல்வயல்களுக்கும் பறந்து சென்று இரை தேடிக்கொண்டு திரும்புகின்றன. வேடந்தாங்கல் ஏரி அவற்றுக்குச் சமையலறை அன்று, தொட்டில்.

தொட்டிலுக்கு இரண்டு காவல் வேண்டும். ஒன்று நீர். மரத்தைச் சுற்றி நீர் நிற்குமளவும் நாயும் பூனையும் நரியும் கூட்டை அணுக மாட்டா. கோட்டையைச் சூழ்ந்த அகழியைப் போன்றது அந்நீர். குஞ்சுகள் பறக்கப் பழகுமுன் நீர் வற்றிவிடின், அகழி தூர்ந்த கோட்டையின் நிலையே கூடுகளுக்கும் நேரும். மற்றொன்று மனிதர். கல்லெறியாத, வலை விரிக்காத, துப்பாக்கி தூக்காத மனிதர் சுற்றிலும் வாழ்தல் வேண்டும். இவ்விரு காவலும் ஒருசேர அமைந்த இடத்தையே பறவைகள் ஆண்டுதோறும் நாடுகின்றன. முதற் காவலை மழை தருகின்றது. இரண்டாவது காவலை அவ்வூர் மக்கள் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தந்து வருகின்றனர். அவ்வரலாறு நம் மாணவர் அனைவரும் அறியத்தக்கது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர் சிலர் இவ்வேரிப் பறவைகளைச் சுட்டு வேட்டையாடினர். ஊரார் அதைக் கண்டு வாளா இருந்தாரல்லர். செங்கற்பட்டுப் பகுதியின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடம் சென்று முறையிட்டனர். அம்முறையீட்டை ஏற்று, 1798-ஆம் ஆண்டில், ஏரிப் பறவைகளை எவரும் பிடித்தலும் கொல்லுதலும் ஆகாது என்று தடுக்கும் உரிமையை அவர் ஊராருக்கு எழுத்து வடிவில் வழங்கினார். அத்தகைய ஆவணத்திற்கு அந்நாளில் ‘கவுல்’ என்று பெயர். மதுராந்தகத்தில் ‘ஏரி காத்த இராமர்’ என்று வழங்கும் கதையில் வரும் துரையும் இவரே. மழையிருளில் ஏரிக்கரையைக் காவல் செய்த இராம இலக்குவரை அவர் கண்டதாக அக்கதை சொல்லும். கதை எவ்வாறாயினும், கரை காப்பது எத்துணை அரிய பணி என்பதை அறிந்தவர் அவர் என்பதில் ஐயமில்லை. வேடந்தாங்கல் மக்களின் உரிமையை 1858-ஆம் ஆண்டில் மற்றோர் ஆட்சியர் புதுப்பித்தார். 1936-ஆம் ஆண்டில் அவ்வேரி பறவைகளின் புகலிடமாக ஏற்கப்பட்டது.

இவ்வாண்டுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். உலகத்தின் முதல் தேசியப் பூங்கா என்று புகழப்படும் அமெரிக்க நாட்டு எல்லோஸ்டோன் பூங்கா அமைந்தது 1872-ஆம் ஆண்டில். அதற்கு 74 ஆண்டுகளுக்கு முன்னரே, எழுத்தறிவில் மிக்கவர் என்று சொல்ல முடியாத நம் உழவர்கள், தம் ஊர்ப் பறவைகளுக்காக அரசின் வாயிலில் நின்று வழக்குரைத்து வென்றனர்.

அவர்கள் ஏன் அவ்வாறு செய்தனர்? அருள் உள்ளமே காரணம் என்று சொல்வது எளிது, கேட்கவும் இனிது. ஆயின் ஊராரைக் கேட்டால் அவர்கள் மறைக்காமல் சொல்லும் விடை வேறொன்றையும் உடன் சேர்க்கும். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் நாள்தோறும் ஏரியில் விழுகின்றது. பயிருக்கு உரமாகும் தழைச்சத்தும் மணிச்சத்தும் அவ்வெச்சத்தில் மிகுதி. அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது உரமும் உடன் பாய்கின்றது. வேறு ஊர் உழவன் விலை கொடுத்து வாங்கும் உரத்தில் ஒரு பகுதியை இவ்வூர் உழவனுக்கு நாரையும் கொக்கும் இலவசமாய்த் தருகின்றன. நத்தைகுத்தி நாரையோ வயலில் இறங்கி, இடையே இடைவெளி உள்ள தன் விந்தையான அலகால் நத்தைகளைப் பொறுக்கித் தின்று மற்றுமோர் உதவியும் செய்கின்றது.

“அப்படியானால் இது தன்னலம் அன்றோ? இதில் பாராட்டுதற்கு என்ன உளது?” என்று வினவுவாரும் உளர். அவர் கருத்து எனக்கு உடன்பாடு அன்று. பயன் கருதிச் செய்த காவல் என்பதனாலேயே அது இருநூறு ஆண்டு நிலைத்தது என்பேன். இரக்கம் ஒரு தலைமுறையில் பெருகி மறு தலைமுறையில் வற்றலாம். வயலும் ஏரியும் பறவையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வாழ்க்கை அவ்வாறு எளிதில் வற்றுவதில்லை. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நாம் போற்றுகின்றோம், போற்றத்தான் வேண்டும். ஆயினும் மயிலுக்கு உண்மையில் வேண்டுவது போர்வையா? முட்டையிட்டு அடைகாக்க ஒரு புதரும், இரை பொறுக்க ஒரு காடும், குடிக்கச் சிறிது நீருமே. வள்ளலின் கொடை பெரிது. வாழிடத்தைக் கெடுக்காத எளிய மக்களின் அடக்கம் அதனினும் பெரிது என்று எனக்குத் தோன்றுகின்றது.

மக்களை ஒதுக்கிவிட்டுப் பறவையைக் காக்கப் புகுந்தால் என்ன நேரும்? அதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. இராசத்தான் மாநிலத்தில் பரத்பூர் நகரை அடுத்துக் கேவலாதேவ் என்னும் நீர்நிலம் உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். பரத்பூர் மன்னர்கள் வாத்து வேட்டைக்கென்றே நீரைத் தேக்கிப் பேணிய இடம் அது. 1938-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபுவின் பொருட்டு நடந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன என்று அங்குள்ள கற்பலகை கூறுகின்றது. கொன்றதைக் கணக்கெழுதிக் கல்லிலும் பொறித்த காலம்! நாடு விடுதலை பெற்றபின், அந்நீர்நிலத்தை வற்றடித்து விளைநிலமாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. பறவையியல் பேரறிஞர் சாலிம் அலி அதனை எதிர்த்து நின்று அவ்விடத்தைக் காத்தார். அது 1982-ஆம் ஆண்டளவில் தேசியப் பூங்காவாயிற்று. 1985-இல் உலகப் பாரம்பரியக் களம் என்னும் சிறப்பையும் பெற்றது.

இங்கேதான் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்நீர்நிலத்தில் எருமைகளை மேய்த்து வந்தனர். பூங்கா அமைந்ததும் அம்மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எருமைகள் பறவைகளுக்கு இடையூறு என்றே சாலிம் அலி உள்ளிட்ட வல்லுநர்கள் அந்நாளில் கருதினர். தடையை எதிர்த்து ஊரார் திரண்டனர். 1982-ஆம் ஆண்டு நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். பறவையைச் சுட்ட காலம் போய், பறவையின் பெயரால் மனிதரைச் சுட்ட காலம் வந்தது.

எருமைகள் வெளியேறின, பறவைகள் பெருகினவா? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் பத்தாண்டுக் காலம் அங்கே தங்கி ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட முடிவு எவரும் எதிர்பாராதது. எருமைகள் மேய்ந்து கட்டுப்படுத்தி வந்த நீர்ப்புல், மேய்ச்சல் நின்றபின் தடையின்றிப் படர்ந்து, ஆழமற்ற நீர்ப்பரப்புகளை அடைத்துக்கொண்டது. வாத்துகள் நீந்தவும் இரை தேடவும் திறந்த நீர் குறைந்தது. பறவைகளின் பகை என்று விரட்டப்பட்ட எருமை, அவற்றின் தோட்டக்காரனாக இருந்திருக்கின்றது! சாலிம் அலி நெடுங்காலம் தொடர்பு கொண்டிருந்த கழகம் அது. அப்பேரறிஞரின் கருத்துக்கு மாறான முடிவையும் மறைக்காமல் வெளியிட்ட அவ்வாய்வாளரின் நேர்மை, அறிவியல் பயிலும் மாணவர் மனத்தில் கொள்ளத்தக்கது.

பரத்பூர்க் கதை அத்துடன் முடியவில்லை. அந்நீர்நிலத்திற்கு வரும் கம்பீர் ஆற்றின் குறுக்கே மேற்புறத்தில் பாஞ்சனா என்னும் அணை எழுந்தது. 2004-ஆம் ஆண்டளவில் மழை குன்றியபோது, தம் வயலுக்கே நீர் போதாது என்று அங்குள்ள உழவர்கள் பூங்காவுக்கு நீர் விட மறுத்தனர். அவர்களைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். தம்மைப் பகைவராக எண்ணி வேலிக்கு வெளியே நிறுத்திய ஓரிடத்திற்காகத் தம் பயிரை வாடவிட எவர்தாம் இசைவர்? பின்னர்க் கால்வாயும் குழாயும் அமைத்து வேறு வழியில் நீர் கொணர வேண்டியதாயிற்று. சைபீரியாவிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து கேவலாதேவுக்கு வந்துகொண்டிருந்த வெண்கொக்குகள் 2002-ஆம் ஆண்டுக்குப்பின் அங்கே காணப்படவில்லை. வழிநெடுக நேர்ந்த வேட்டையே அங்கு வந்த கூட்டம் அழிந்தமைக்குப் பெருங்காரணம். அக்குற்றத்தைப் பரத்பூர் மேல் ஏற்றுதல் முறையன்று.

இவற்றையெல்லாம் எண்ணுங்கால், பறவைக் காப்புக்குச் சட்டமே வேண்டா, ஊராரே போதும் என்று சொல்லத் தோன்றலாம். அதுவும் பிழையே. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரியில் கல்லெறிவாரைத் தடுக்க வல்லவர். ஆயின் பத்துக் கல் தொலைவில் வரத்துக்கால்வாய் ஆக்கிரமிக்கப்பட்டால் அவர்கள் என் செய்வர்? அயலே தொழிற்சாலைக் கழிவு நிலத்தில் இறங்கினால் என் செய்வர்? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 1998-ஆம் ஆண்டில், ஏரியும் அதனைச் சூழ்ந்த 5 கிலோமீட்டர் நிலமும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஏரி தொட்டிலாகவும் சுற்றுவயல்கள் உணவுக்களமாகவும் இருத்தலை எண்ணிப் பார்த்தால், அவ்வட்டத்தின் தேவை விளங்கும். 2020-ஆம் ஆண்டில் அதனை 3 கிலோமீட்டராகச் சுருக்கலாம் என்னும் முன்மொழிவு எழுந்தது. மக்களும் அறிஞரும் எதிர்த்தனர், அது கைவிடப்பட்டது. சட்டத்தில் 5 என்னும் எண் எழுதப்பட்டிராவிடின், எதனைச் சுட்டி அவர்கள் வாதிட்டிருக்க முடியும்?

இனி, ஊரார் துணையால் மட்டும் காக்க முடியாத பறவைகளும் உள. இராசத்தான் பாலைப் புல்வெளியில் வாழும் கானமயில் உழவனுக்கு உரம் தருவதில்லை. பெரும் உடல் தாங்கிப் பறக்கும் அப்பறவை, எதிரேயுள்ள மின்கம்பியைக் காலத்தில் கண்டு விலக மாட்டாமல் மோதி மடிகின்றது. இன்று அதன் தொகை இருநூற்றுக்கும் குறைவு என்று மதிப்பிடுகின்றனர். மின்கம்பி செல்லும் வழியை ஓர் ஊர் மாற்ற இயலாது. அரசும் நீதிமன்றமுமே மாற்ற இயலும். ஆதலின் சட்டம் வேண்டும். ஆனால் சட்டம் ஊராரின் தோளோடு தோள் நிற்க வேண்டுமேயன்றி, அவர்கள் தலைமேல் நிற்றல் கூடாது. இதுவே என் கருத்து.

தமிழ்நாட்டில் இக்கருத்துக்குத் தனியொரு வலிமை உண்டு. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971-ஆம் ஆண்டில் உருவான உடன்படிக்கையின்படி, உலகச் சிறப்புடைய ஈரநிலங்கள் பட்டியலிடப்படுகின்றன. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அத்தகைய இடங்கள் 20 ஆயின. வேடந்தாங்கலும் அதனை அடுத்த கரிக்கிலியும் 2022-ஆம் ஆண்டில் அப்பட்டியலில் இடம்பெற்றன. கூந்தன்குளம், வெள்ளோடு, வடுவூர், சித்திரங்குடி, சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று அப்பட்டியலைப் படித்துக்கொண்டே செல்லுங்கள். இவையெல்லாம் யாவை? மனிதர் கால் படாத கானகங்களா? அல்ல, பாசனத்துக்காக நம் முன்னோர் கரை கட்டிய ஏரிகளும் குளங்களும் கண்மாய்களுமே. நம் காட்டுப் பறவைகளுட் பல வாழ்வது, உழவன் வெட்டிய குளத்தில். உண்பது, உழவன் நட்ட வயலில். அவனை நீக்கிவிட்டு அவற்றைக் காப்பது எங்ஙனம்?

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்து மரங்களோடு நில்லாமல், ஊருக்குள் புகுந்து வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. வாசலெங்கும் எச்சமும் மீன்நாற்றமும் நிறைந்தாலும் அம்மக்கள் அவற்றை விரட்டுவதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சிக் கூட்டை விட்டு ஓடும் என்று கருதி, தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. மாணவர்களே, பக்கத்து ஊரில் வாணவேடிக்கை ஒலிக்க, தம் ஊரில் ஓர் ஓலைவெடியும் கொளுத்தாமல் அமர்ந்திருக்கும் உங்கள் வயதுச் சிறுவரை நினைத்துப் பாருங்கள்! அவர்களைப் பாராட்டி வனத்துறையினர் இனிப்பு வழங்குவது வழக்கம். நல்ல வழக்கமே. ஆயினும் நாம் அவ்வூர்களுக்குப் பட்டுள்ள கடன் இனிப்போடு தீர்ந்துவிடுமா?

கடன் தீர்க்கும் வழி இது என்று நான் எண்ணுகின்றேன்: அவ்வூர்க் கண்மாயை உரிய காலத்தில் தூர்வாருதல் வேண்டும்; தூர்வாருங்கால் கூடு கட்டும் மரங்கள் நிற்கும் திட்டுகளை விட்டு வாருதல் வேண்டும். பழுதுபட்ட மதகைச் செப்பனிட்டு, வரத்துக்கால்வாயில் எழுந்த கட்டடங்களை அகற்றுதல் வேண்டும். பூச்சிக்கொல்லி மருந்தைக் குறைத்துப் பயிர் செய்யும் உழவனுக்கு விளைவு குன்றினால் அரசு ஈடு செய்தல் வேண்டும். இவை வேளாண்மைத் துறையின் பணி, நீர்வளத் துறையின் பணி என்று பிரித்துப் பேசுவது ஏட்டுக்குப் பொருந்தும், நாரைக்குப் பொருந்தாது. 2016-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்து வேடந்தாங்கல் வறண்டபோது, பறவைகள் அங்கே நிலைத்துக் கூடு கட்டவில்லை. வானம் பொய்க்கும் ஆண்டினை நாம் தடுக்க முடியாது. மழை பெய்த ஆண்டிலும் கால்வாய் தூர்ந்து ஏரி நிரம்பாமற் போவதைத் தடுக்க முடியும்.

ஊர்க்காவல் இல்லாத ஈரநிலத்தின் கதி யாது என்பதைச் சென்னைக்குத் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் காட்டுகின்றது. பயிர் விளையாத நிலம் என்பதனால் அதனைப் பாழ்நிலம் என்று எண்ணிவிட்டனர். குப்பையைக் கொட்டினர், கட்டடங்களை எழுப்பினர். முன்னிருந்த பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இன்று எஞ்சியுள்ளது. அதுவும் 2022-ஆம் ஆண்டில் ராம்சார்ப் பட்டியலில் சேர்ந்தது. பெருமழைக் காலத்தில் வெள்ளம் வடிய இடமின்றித் தென்சென்னைத் தெருக்களில் தேங்கும்போதுதான், அச்சதுப்புநிலம் பறவைக்கு மட்டும் உரியதன்று என்பது பலருக்கு நினைவில் எழுகின்றது.

நகரத்தில் வாழும் மாணவர்க்கு ஏரியும் கண்மாயும் அயலாகத் தோன்றலாம். அவர்களும் செய்யத்தக்க பணி ஒன்று உளது. 2015-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று நடந்து வருகின்றது. பள்ளி மாணவர் முதல் முதியவர் வரை எவரும் அதில் பங்கு கொள்ளலாம். வீட்டு மாடியாயினும், பள்ளி மைதானமாயினும், குளக்கரையாயினும் ஓரிடத்தில் 15 நிமிடமேனும் நின்று, காணும் பறவை இனங்களையும் அவற்றின் தொகையையும் குறித்து அனுப்புதல் வேண்டும். பெயர் தெரியாத பறவையைக் கண்டால் அதன் அலகின் வடிவையும் காலின் நிறத்தையும் எழுதிக்கொண்டு பின்னர்க் கேட்டறியலாம். எந்தப் பறவை எங்கே குறைந்தது, எந்தக் குளத்தில் மீண்டும் கூடியது என்பதை ஆராய்வோர்க்கு இத்தகைய குறிப்புகள் உதவுகின்றன. உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி இதுவரை எவரும் எழுதியிராவிடின், உங்கள் குறிப்பே அதனைப் பற்றிய முதல் ஏடாக அமையும்.